மலிவுச் சந்தாவில் துண்டு விழுந்ததை யார் கட்டினார்கள்?

அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ், செஞ்சுரி போன்ற மாத இதழ்கள் 35 சென்ட்டுக்கு விற்ற காலம். 1893 அக்டோபரில் ஃபிராங்க் மன்சி தம் இதழின் விலையை 25 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாக இறக்கினார். ஆண்டுச் சந்தா ஒரு டாலர். மரக்கூழ்க் காகிதமும் வேகமான அச்சுப் பொறிகளும் வந்ததால்தான் இது முடிந்தது என்பார்கள். பாதி உண்மை. அதே காகிதமும் பொறியும் 35 சென்ட் இதழ்களுக்கும் கிடைக்கத்தான் செய்தன. மலிவுச் சந்தாவைத் தாங்கியவை தபால் இலாகாவும் விளம்பரமும் என்பதே என் வாதம். 1879ஆம் ஆண்டுத் தபால் சட்டம் பத்திரிகைகளுக்குச் சலுகைக் கட்டணம் தந்தது. 1885இல் அது பவுண்டுக்கு ஒரு சென்ட் ஆனது. உண்மையான சந்தாதாரர் பட்டியல் வேண்டும், இலவசமாகவோ பெயரளவு விலைக்கோ அனுப்பக் கூடாது என்பவை நிபந்தனைகள். (1898இன் இந்திய அஞ்சல் சட்டமும் இப்படியொரு பட்டியலைக் கேட்டது.) ஆக, சந்தா என்று ஏதோ ஒரு தொகை வாங்கியாக வேண்டும், அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வாசகர்கள், அவ்வளவு விளம்பரம். சைரஸ் கர்ட்டிஸின் லேடீஸ் ஹோம் ஜர்னல், ஆண்டுக்கு 50 சென்ட் என்றிருந்த சந்தாவை, நால்வர் சேர்ந்து கட்டினால் ஒரு டாலர் என்று பாதியாக்கியது.

இதனால் யாருக்கு நட்டம், ஏழை வாசகருக்கும் நல்ல எழுத்து போய்ச் சேர்ந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை அம்பலப்படுத்திய ஐடா டார்பெல்லின் தொடர் 1902இல் வெளிவரத் தொடங்கியது மெக்ளூர்ஸ் என்ற மலிவு இதழில்தான். அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் பணத்தில் நிற்கும் சந்தா, அவர் கையை இழுத்துக்கொண்டதும் விழும். தொலைக்காட்சி விளம்பரங்களைப் பறித்துக்கொண்டபோது, சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற இதழுக்கு அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அச்சடித்து அனுப்பும் செலவைச் சந்தா ஈடுகட்டவில்லை, கூட்டமே பாரமானது. 1968இல் நிர்வாகம் தானாகவே பாதிக்கும் மேற்பட்டோரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. விரும்பிப் படித்தவர்களை ஓர் இதழே வெளியேற்றியதைவிடக் கசப்பான சான்று இந்த வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை. 1969 பிப்ரவரியோடு இதழும் நின்றது. 1970இன் தபால் சீரமைப்புச் சட்டத்துக்குப் பின் அஞ்சல் கட்டணம் ஏறியது. 1972 டிசம்பரில் லைஃப் வார இதழும் நின்றது.

பெரிய நிறுவனத்தின் இதழில் தள்ளுபடி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்தக் கணக்கை அவர்கள் போட்டுவைத்திருப்பார்கள். விளம்பரமே இல்லாத சிற்றிதழிடம் மட்டும் சலுகை கேட்காதீர்கள். அங்கே குறையும் ஒவ்வொரு ரூபாயும் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து போகிறது.