குருஷினியானி மரப் பள்ளிவாசல்

போலந்து நாட்டின் வடகீழ் மூலையில், பெலாரஸ் எல்லைக்கு அண்மையில், குருஷினியானி என்னுஞ் சிற்றூர் உளது. அங்கே பச்சை வண்ணந் தீட்டிய மரக்கட்டிடமொன்று நிற்கின்றது. முகப்பில் இரு கோபுரங்கள். முதற் பார்வைக்கு அது கிராமத்துத் தேவாலயம் போலவே தோன்றும்; உச்சியிலுள்ள பிறையைக் கண்ட பின்னரே பள்ளிவாசலென்பது புலனாகும். தேவாலயங் கட்டிப் பழகிய தச்சர் தம் கைவந்த வடிவிலேயே தொழுமிடத்தையும் அமைத்தனர் என்பர்.

இவ்வளவு வடக்கே முஸ்லிம்கள் குடியேறியது எங்ஙனம்? 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலே லித்துவேனியப் பெருங்கோமகன் விதோல்த் தாத்தாரிய வீரரைத் தன் நாட்டிற் குடியமர்த்தினான். அவர் வழிவந்தோர் போலந்து மன்னரின் குதிரைப்படையிற் சேவித்தனர். மன்னன் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் காலத்திலே திறைசேரி வறண்டது. படைக்குச் சம்பளம் நிலுவையாயிற்று. பணத்துக்கு ஈடாக 1679இல் மன்னன் நிலம் வழங்கினான். குருஷினியானியும் போஹோனிக்கியும் அவ்வாறு கிடைத்த ஊர்களே. நான்காண்டுகளின் பின் வியன்னாவிலே இத்தாத்தாரியர் சோபியெஸ்கியின் பக்கம் நின்று துருக்கியரை எதிர்த்தனர். துருக்கியர் பக்கத்திலும் கிரிமியத் தாத்தாரியர் இருந்தமையால், தம்மவரை இனங்காட்டத் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டனர் என்பது வழக்கு.

தாய்மொழியை இவர்கள் இழந்தனர், மார்க்கத்தை இழக்கவில்லை. போலிஷ், பெலாரஸ் மொழிகளைப் பேசியவர்கள் அம்மொழிகளையே அரபு எழுத்தில் எழுதிச் சமய நூல்களை யாத்தனர். 'கித்தாப்' எனப்படும் அக்கையெழுத்து நூல்கள் இன்றும் பேணப்படுகின்றன. நம் நாட்டு முஸ்லிம்களின் அரபுத்தமிழை அறிந்த நேயர்க்கு இது வியப்பாயிராது.

1945க்குப் பின் வரையப்பட்ட எல்லை தாத்தாரியர் ஊர்களிற் பெரும்பாலானவற்றைச் சோவியத் பக்கத்தில் விட்டது. பழைய மரப் பள்ளிவாசல்களுள் போலந்துக்கு எஞ்சியவை இரண்டே: ஒன்று இது, மற்றது போஹோனிக்கியில் உள்ளது. இளையோர் நகரங்களை நாடிச் செல்ல, ஊரிலே சில குடும்பங்களே தங்கின. 2012இல் அரசு இவ்விரு பள்ளிவாசல்களையும் அவற்றின் மையவாடிகளையும் வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனஞ் செய்தது. ஈராண்டுகளின் பின் யாரோ குருஷினியானிப் பள்ளிவாசற் சுவரிலே பன்றியுருவை வரைந்து சென்றனர். மன்னன் தந்த மண்ணிலே மூன்று நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்தோரையும் அந்நியராக எண்ணுவார் இருந்தனர்.

2021ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், சிரியா, ஈராக் முதலிய நாடுகளிலிருந்து வந்த ஏதிலிகள் பெலாரஸ் காடுகளூடாக எல்லை கடக்க முயன்றனர். குளிரிலும் நீரிலும் சிலர் மாண்டனர். போஹோனிக்கித் தாத்தாரியர் ஏதிலிகளுக்கும் சூப்புக் காய்ச்சினர்; எல்லை காத்த படையினருக்கும் காய்ச்சினர். நவம்பரிலே, ஆற்றில் மூழ்கி இறந்த பத்தொன்பது வயதுச் சிரிய இளைஞனின் ஜனாஸா அவ்வூருக்கு வந்தது. இமாம் தொழுகை நடத்தினார். அவனை அறிந்தவர் ஊரில் எவருமிலர். தம் முன்னோர் துயிலும் மையவாடியிலேயே அவனுக்குங் குழி தோண்டினர். தொலைவிலிருந்த உறவினர் கைத்தொலைபேசித் திரையிலே அடக்கத்தைப் பார்த்திருந்தனர்.