லயத்து நாயும் ஒசாகா மருத்துவமும்

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அங்குக் கொழுந்து பறித்த தமிழர்க்கு நாய் காவல், ஆடு சேமிப்பு. அவற்றின் வயிற்றில் கட்டி கண்டால், விதியென்று விடுவதே பெரும்பாலும் வழியாக இருந்தது.

நலமான கல்லீரலுக்குப் பெரும்பங்குக் குருதியைத் தருவது வாயிற்சிரை. அதில் தோன்றும் புற்றுக்கட்டியை வளர்ப்பதோ தமனி. ஆகவே தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குச் செல்லும் குருதியை அடைத்தனர் மருத்துவர். ஒசாகாவின் யமாதா குழுவினர் 120 நோயாளரிடம் இம்முறையால் கண்ட பயனை 1983இல் வெளியிட்டனர். 2002இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார், மூன்று நாய்களுக்கும் ஓர் ஆட்டுக்கும் கட்டிகளை இவ்வாறே அடைத்ததை அறிவித்தனர்.

மனிதருக்காக ஆய்வுக்கூடங்களில் துன்புற்ற உயிரினத்திற்கு அம்மருத்துவம் திரும்பிச் சென்றது நீதியே. மலைத்தோட்டத்து லயத்தையும் அது எட்டும் நாளில்தான் இவ்வரலாறு நிறைவெய்தும்.