கூட்டுக்கொலை வழக்குகளில் மேல்முறையீடு: கீழ்வெண்மணியும் ஹாசிம்புராவும்

முன்னுரை

ஒருவர் மற்றொருவரைக் கொன்ற வழக்கில் நீதிமன்றத்தின்முன் நிற்கும் முதன்மை வினா, கொன்றவர் யார் என்பதே. பலர் கூடிப் பலரைக் கொன்ற வழக்கில் மற்றொரு வினாவும் எழுகின்றது: கூட்டத்தில் நின்றோருள் எவரெவர், எந்த அளவிற்குப் பொறுப்பாவர்? இவ்வினாவிற்கு விசாரணை நீதிமன்றம் தரும் விடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் தலைகீழாக மாற்றிவிடுவதும் உண்டு. அவ்வாறு மாறிய இரு இந்திய வழக்குகளை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. ஒன்றில் தண்டனை விடுதலையாயிற்று; மற்றொன்றில் விடுதலை தண்டனையாயிற்று. மேல்முறையீட்டு உரிமை எவரிடம் உள்ளது, எத்தகைய சான்று நீதிபதிகளின்முன் வைக்கப்படுகின்றது ஆகிய இரண்டுமே இம்மாற்றத்தின் திசையைப் பெரிதும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சட்டப் பின்னணி

2024 வரை நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்றும்பொருட்டு அதன் உறுப்பினர் ஒருவர் புரியும் குற்றத்திற்கு, அவ்வேளையில் கூட்டத்தில் இருந்த அனைவரையும் பொறுப்பாக்கியது. மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்கள் அதே மூலத்திலிருந்து பிறந்தவை. அவற்றிலும் இப்பிரிவு இதே எண்ணுடன் உள்ளது. ஆகவே இவ்வழக்குகள் எழுப்பும் சிக்கல் நம் வாசகர்களுக்கு அயலானதன்று.

இப்பிரிவில் ஓர் இடர் உண்டு. உயிர்தப்பிய சாட்சிகள், உண்மையில் வந்தவர்களோடு தம் பகைவர் அனைவரையும் சேர்த்துக் குறிப்பிட்டுவிடக்கூடும். இதனை உணர்ந்தே இந்திய உச்ச நீதிமன்றம் மசால்தி வழக்கில், ஒருவரைத் தண்டிக்க ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகளின் முரணற்ற கூற்று வேண்டும் என்னும் அளவுகோலை ஏற்றது. எனினும், பாதிக்கப்பட்ட தரப்பினர் என்னும் ஒரே காரணத்திற்காகச் சாட்சிகளைத் தள்ளிவிடலாகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. விடுதலைக்கு எதிரான மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் சான்றுகள் அனைத்தையும் மறுபடி ஆராயலாம். ஆயினும் சாட்சிகளை நேரில் கண்ட நீதிபதியின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று 1934இலேயே பிரிவி கவுன்சில் வகுத்திருந்தது.

கீழ்வெண்மணி: தண்டனையிலிருந்து விடுதலைக்கு

மலாயாவிற்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை அனுப்பிய நாகப்பட்டினத் துறைமுகத்தை அடுத்த கீழத்தஞ்சைப் பகுதியில் உள்ளது கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் திரண்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும், நெல் உற்பத்தியாளர் சங்கமாக அணிதிரண்ட மிராசுதாரர்களுக்கும் இடையில் முற்றிய பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று இரவு, குடிசை ஒன்றில் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள் தீயில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் அன்றிரவு கொல்லப்பட்டார். ஆகவே இரு வழக்குகள் எழுந்தன.

தீ வைப்பு வழக்கில் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 23 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் அவர்களுள் எண்மருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது, ஏனையோரை விடுவித்தது. கொலைக் குற்றத்திற்குச் சட்டம் வகுத்தவை மரண தண்டனையும் ஆயுள் தண்டனையும் மட்டுமே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். பத்தாண்டு என்பது கொலைக்குரிய தண்டனையன்று. மற்றொரு வழக்கிலோ தொழிலாளர் சிலர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஆயுள் தண்டனை பெற்றார்.

எண்மரின் மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் அவர்கள் அனைவரையும் விடுதலை செய்தது. குற்றஞ்சாட்டப்பட்ட யாவரும் மிராசுதாரர்களாகவே இருப்பது வியப்பிற்குரியது என்றும், பெருநிலம் உடைய செல்வர்கள் தம் பணியாட்களின் துணையின்றித் தாமே நடந்து சென்று வீடுகளுக்குத் தீ வைத்திருப்பர் என நம்புவது கடினம் என்றும் நீதிபதிகள் கருதினர். முதல் எதிரி மகிழுந்து வைத்திருந்ததையும் அவர்கள் சுட்டினர்.

இக்காரணம் ஆய்வுக்குரியது. சாட்சிகளின் கூற்றில் முரண் கண்டு ஐயுறுவது ஒரு முறை. செல்வர் இன்னவாறுதான் நடந்துகொள்வர் என்னும் முன்முடிவினால் ஐயுறுவது வேறு முறை. மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை. தாளில் எழுதப்பட்ட சொல்லையே காண்கிறார். அச்சொல்லின் இடைவெளிகளை அவர் தம் சமூக அறிவைக் கொண்டே நிரப்புகிறார். கீழ்வெண்மணியில் அந்த அறிவு மிராசுதாரருக்குச் சாதகமாக அமைந்தது. அன்று நடைமுறையிலிருந்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காவல்துறை தொடுத்த வழக்கில் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கே இருந்தது. உற்றாரை இழந்தோருக்கு அவ்வுரிமை இல்லை. 1980இல் நாயுடு கொலை செய்யப்பட்டார்.

ஹாசிம்புரா: விடுதலையிலிருந்து தண்டனைக்கு

1987 மே 22 அன்று உத்தரப் பிரதேச மாநிலம் மீரட் நகரின் ஹாசிம்புரா பகுதியிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆடவரை மாநில ஆயுதக் காவற்படையினர் லாரி ஒன்றில் ஏற்றிச் சென்று, கால்வாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் சுட்டனர். 38 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்ற ஆணையால் வழக்கு 2002இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 19 பேரில் மூவர் இடையில் இறந்தனர். எஞ்சிய 16 பேரையும் 2015 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. படுகொலை நிகழ்ந்தது உண்மையே. ஆயின் இருளில் சுட்டவர்களை உயிர்தப்பியோரால் அடையாளங்காட்ட இயலவில்லை.

2009இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், விடுதலைக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கும் வழங்கியிருந்தது. அவ்வுரிமையின்வழி அவர்களும் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினர். தேசிய மனித உரிமை ஆணையம் இவ்வழக்கில் இடையீடு செய்தது. உயர் நீதிமன்றம் கூடுதல் சான்று பதிவு செய்ய அனுமதித்தது. அந்நாளில் அந்த லாரியில் பணிக்குச் சென்றவர்கள் எவரெவர் என்பதைக் காவற்படையின் நாட்குறிப்பேடே காட்டியது. சாட்சிகளின் விழிகளால் காட்ட இயலாததை அரசின் பதிவேடு காட்டிற்று. 2018 அக்டோபர் 31 அன்று 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். அவர்களுள் சிலருக்கு 2024இல் பிணை கிடைத்தது.

முடிவுரை

இவ்விரு வழக்குகளும் இடத்தாலும் காலத்தாலும் வேறுபட்டவை. அவற்றின் சான்றுகளும் வேறு. ஆயினும் ஒப்பீடு ஒன்றைத் தெளிவாக்குகிறது. தண்டனையை எதிர்க்கும் உரிமை குற்றவாளிக்கு இருப்பது நீதிக்கு இன்றியமையாதது. குற்றமற்றவரைக் காப்பதும் அதுவே. விடுதலையை எதிர்க்கும் உரிமை அரசிடம் மட்டும் இருந்தபோது, இறந்தோரின் உறவினர் தம் வழக்கிலேயே பார்வையாளராக நின்றனர். அவ்வுரிமை அவர்களுக்கும் கிடைத்தபின், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் முடிந்த விசாரணையையும் மீளத் திறக்க முடிந்தது.

கீழ்வெண்மணியைப் பின்புலமாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனல் நாவல் 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்நாவலைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் 1970, 1973 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளையும் மாணவர்முன் வைப்பது பயன்தரும். அத்தீர்ப்புகளும் 44 பேரின் மரணத்தைப் பற்றி எழுதப்பட்ட பனுவல்களே. எவருடைய சொல்லை நம்பினர், எவருடைய சொல்லை நம்பவில்லை என்பதை அவையும் பதிவு செய்துள்ளன.