வேப்பமரம் மறைத்த பாட்டு

கொஞ்சம் பின்னால் போவோம். வருஷம் 2006. நீங்கள் திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில், சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பவர் டேபிள், ஒரு கட்டிங் மாஸ்டர், நாலு செக்கிங் பெண்கள். ஆர்டர் விஷயமாக வாரத்துக்கு மூன்று தடவையாவது காரை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் போய் வரவேண்டியிருக்கிறது. போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. காரில் இருக்கிற கேசட் எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. எஃப்.எம். போட்டால் இரண்டு பாட்டுக்கு நடுவே ஆறு விளம்பரம்.

வீட்டிலோ ஒரு புது சாமான் வந்திருக்கிறது. வேர்ல்ட்ஸ்பேஸ்! ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் சந்தா. விளம்பரத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் வருகிறார். கே.எல். ரேடியோ என்று தமிழ்ப் பாட்டுக்கு ஒரு சேனல், கர்னாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்கு கந்தர்வ். இரைச்சலே கிடையாது. கிழக்கு ஜன்னலோரம் ஆன்டெனாவை வைத்தால் நாள் பூராவும் பாடிக்கொண்டே இருக்கிறது.

உங்களுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. (தோன்றாவிட்டால் நீங்கள் திருப்பூர்க்காரரே இல்லை!) 'வீட்டில் பாடுகிற செட், காரில் ஏன் பாடாது?' சிகரெட் லைட்டரிலிருந்து கரண்ட் எடுத்து, செட்டை டேஷ்போர்டு மேல் உட்கார வைத்துக் கிளம்புகிறீர்கள்.

பாடவில்லை. கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை ஒரு முணுமுணுப்புகூட இல்லை. செட் ரிப்பேர் என்று முடிவு கட்டித் திரும்புகிறீர்கள். திரும்பி வரும்போது திடீரென்று பாடுகிறது! இரண்டு கிலோமீட்டர் பாடுகிறது, ஒரு லாரியை ஒட்டிப் போகும்போது நின்றுவிடுகிறது, மறுபடி பாடுகிறது, ஒரு பாலத்தடியில் செத்துப்போகிறது.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனால் இந்த விடுகதைக்கு விடை தேடினால் எத்தியோப்பியா, தென் அமெரிக்கா, வாஷிங்டன், டெல்லி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் முதலிபாளையம் திரும்ப வேண்டும்.

நோவா சமாரா என்று ஒருவர். பிறந்தது எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில். அம்மா எத்தியோப்பியர், அப்பா சூடான்காரர். அமெரிக்காவில் சட்டம் படித்துவிட்டு, தொலைத்தொடர்பு வழக்கறிஞராக வாஷிங்டனில் வேலை பார்த்தார். 1980-களில் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்தது. நோய் எப்படித் தொற்றும், எப்படித் தடுக்கலாம் என்கிற சாதாரணத் தகவல்கூட அங்கே கிராமத்து ஜனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. பேப்பர் படிக்க எழுத்து தெரியாது, டி.வி.க்கு மின்சாரம் கிடையாது. 'ரேடியோதான் ஒரே வழி. அதை வானத்திலிருந்தே கொடுத்தால் என்ன?' என்று கேட்டார் சமாரா. 1990-ல் கம்பெனி ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு முதலில் தேவை பணமல்ல, அலைவரிசை. 1992-ல் ஸ்பெயினில் டோரெமோலினோஸ் என்கிற கடற்கரை ஊரில் உலக நாடுகள் கூடி, செயற்கைக்கோள் ரேடியோவுக்கென்று 1452-லிருந்து 1492 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கின. அமெரிக்கா மட்டும் 'அது எங்களுக்குச் சரிப்படாது' என்று 2310-லிருந்து 2360 வரை தனியாக வாங்கிக்கொண்டது. அந்தத் தனிப் பட்டியலில் சேர்ந்துகொண்ட இன்னொரு நாடு எது தெரியுமா? இந்தியா! வாங்கினோமே தவிர, அமெரிக்காவில் ஓடியதுபோல ஒரு ரேடியோ அதில் இங்கே ஓடவே இல்லை.

சமாரா நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஒரு வழக்கறிஞர், கையில் ஒரு ராக்கெட்டும் இல்லாமல், வெறும் பேச்சை வைத்து இத்தனை பணம் திரட்டியதைச் சும்மா சொல்லக்கூடாது. 1998 அக்டோபரில் ஆஃப்ரிஸ்டார் கிளம்பியது. 2000-ம் வருஷம் மார்ச் 21-ம் தேதி தென் அமெரிக்காவின் ஃபிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட் ஆசியாஸ்டாரைத் தூக்கிக்கொண்டு போனது. அதே ராக்கெட்டில் சக பயணியாகப் போனது நம் இஸ்ரோவின் இன்சாட்-3பி. ஒரே பஸ்ஸில் ஏறிய இரண்டு பேர் மாதிரி.

இனி முதலிபாளையத்துக் காருக்கு வருவோம்.

ஆசியாஸ்டார் நிறுத்தப்பட்ட இடம், நிலநடுக்கோட்டுக்கு மேலே, 105 டிகிரி கிழக்கு. உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர். பூமி சுற்றுகிற வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு நட்டுவைத்த கம்பம் மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். திருப்பூரிலிருந்து பார்த்தால் எங்கே? நேர் கிழக்கிலிருந்து 20 டிகிரி தெற்கே ஒதுங்கி, தரையிலிருந்து 55 டிகிரி உயரத்தில். கணக்கு வேண்டாமென்றால், செப்டம்பர் கடைசியில் காலை பத்து மணிக்கு வெளியே வந்து சூரியன் எங்கே என்று பாருங்கள். ஏறக்குறைய அதே இடம்தான்.

இப்போது யோசியுங்கள். திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் மேற்கே இருக்கிறது. போகும்போது காரின் முன்கண்ணாடி மேற்கைப் பார்க்கிறது. செயற்கைக்கோளோ உங்கள் முதுகுக்குப் பின்னால். டேஷ்போர்டில் இருக்கிற ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவே காரின் இரும்புக் கூரை. திரும்பி வரும்போது முகம் கிழக்கே. முன்கண்ணாடி வழியாக வானம் தெரிகிறது. பாட்டும் வருகிறது. போகும்போது ஊமை, வரும்போது பாடகர். அவ்வளவுதான் ரகசியம்!

'அதெப்படி சார், கோவை வானொலி மட்டும் போகும்போதும் வரும்போதும் கேட்கிறதே?' என்பீர்கள். நியாயமான கேள்வி. கோவை வானொலியின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 300 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு ஒரு லாரியோ, வேப்பமரமோ ஒரு பொருட்டே இல்லை. வளைந்து போய்விடும். ஆசியாஸ்டாரின் அலைநீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், ஒரு சாண். லாரி மறைத்தால் மறைத்ததுதான். வேப்ப இலைகூடக் கொஞ்சம் குடித்துவிடும். தவிர, கோவை வானொலியின் டவர் பக்கத்து ஜில்லாவில் இருக்கிறது. இதுவோ 36,000 கிலோமீட்டர் கடந்து களைத்துப்போய் வருகிறது.

இன்னொரு குணமும் உண்டு. பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் கரகரப்பு ஏறும். கரகரப்புக்கு நடுவிலும் டி.எம்.எஸ். குரலைக் கண்டுபிடித்துவிடுவோம். டிஜிட்டலில் அந்தச் சமாதானமெல்லாம் இல்லை. ஒரு எல்லை வரை துல்லியமாகப் பாடும், எல்லைக்குக் கீழே போனால் மௌனம். போன சிக்னல் திரும்பி வந்தாலும், செட் அதைப் பிடித்து மறுபடி பாடச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் அடுத்த மரம் வந்துவிடும்.

அப்படியானால் என்னதான் செய்திருக்கலாம்? செட்டைக் கழற்றிப் பார்க்க அவசியமே இல்லை. ஆன்டெனாவைத் தனியாகக் கழற்றி, ஒயர் நீட்டி, காரின் கூரை மேல் மல்லாக்கப் படுக்க வைத்திருக்க வேண்டும். கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்போது வானம் தெரியும். கேரியர் கம்பிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒயரைக் கதவிடுக்கில் நசுக்கக் கூடாது. நசுங்கிய ஒயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சிக்னல் செத்திருக்கும். ஒயர் ரொம்ப நீளமானாலும் நஷ்டம்தான்.

கூரை மேல் வைக்க மனசில்லாமல் பின்பக்கக் கண்ணாடியோரம் வைத்திருந்தாலோ, அங்கே வேறொரு வில்லன். சன் ஃபிலிம். கொங்கு நாட்டு வெயிலுக்கு அப்போது கறுப்பு ஃபிலிம் ஒட்டாத கார் ஏது? அதில் உலோகப்பூச்சு உள்ள ரகம் வெயிலைத் தடுப்பதுபோலவே இந்த அலையையும் தடுத்துவிடும். (2012-ல் உச்ச நீதிமன்றமே கார்க் கண்ணாடி ஃபிலிமுக்குத் தடை போட்டது. ரேடியோவுக்காக அல்ல, குற்றங்களைத் தடுக்க!)

சரி, எல்லாம் செய்தாகிவிட்டது. திறந்தவெளியில் பாடும். ஆனால் திருப்பூர் டவுனுக்குள் கட்டடங்களுக்கு நடுவே, பாலத்துக்கு அடியே? அதற்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் அமெரிக்கக் கதை வருகிறது.

அமெரிக்காவில் எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு கம்பெனிகள். முதலிலிருந்தே அவர்கள் குறி கார்தான். அந்த ஊரில் மனிதர்கள் பாதி ஆயுளை ஸ்டியரிங் பின்னால்தானே கழிக்கிறார்கள்! எக்ஸ்எம் 2001 செப்டம்பர் 12-ம் தேதி ஒலிபரப்பைத் தொடங்குவதாக இருந்தது. முதல் நாள் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்தது. தொடக்கம் 25-ம் தேதிக்குப் போனது. எக்ஸ்எம்மின் ஆரம்பகாலப் பங்குதாரர்களில் நம் சமாராவின் வேர்ல்ட்ஸ்பேஸும் ஒன்று. 1999-ல் அந்தப் பங்கை விற்றுவிட்டது.

காரில் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க அவர்கள் செய்த வேலை அழகானது. எக்ஸ்எம் வானத்தில் இரண்டு செயற்கைக்கோள் வைத்தது. பெயர்கள் ராக், ரோல்! ஒன்று மறைந்தால் இன்னொன்று தெரியும். சிரியஸ் மூன்று வைத்தது. அவை ஓரிடத்தில் நிற்காமல் எட்டுப் போட்டுச் சுற்றி, அமெரிக்காவின் தலைக்கு மேலேயே அதிக நேரம் இருக்கும். உச்சியில் இருந்தால் மரமும் கட்டடமும் மறைப்பது குறைவு. அடுத்து, ஒரே பாட்டை இரண்டு தடவை அனுப்பினார்கள், சுமார் நாலு வினாடி இடைவெளி விட்டு. நீங்கள் பாலத்தடியில் கடக்கிற அந்த இரண்டு வினாடியில் தவறவிட்டதை, பின்னால் வருகிற பிரதியிலிருந்து செட் ஒட்டுப் போட்டுவிடும். காது கண்டுபிடிக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். நகரங்களில் தரையிலேயே சின்னச் சின்ன மறு ஒலிபரப்பு டவர்கள் நட்டார்கள். எக்ஸ்எம் மட்டும் ஆரம்பத்தில் சுமார் 800. வானத்திலிருந்து வருவதை வாங்கி, தெருவுக்குள் திருப்பிவிடுகிற வேலை. கொரியாவும் ஜப்பானும் 2004-ல் சேர்ந்து விட்ட செயற்கைக்கோளும் இதே வழியைத்தான் பிடித்தது. தரையில் டவர் இல்லாமல் காரில் வான் ரேடியோ இல்லை. இதை வேர்ல்ட்ஸ்பேஸ் நன்றாகவே அறிந்திருந்தது. 2005-ல் எக்ஸ்எம் அதில் இரண்டரைக் கோடி டாலர் போட்டது. அந்த ஆகஸ்டில் பங்குகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. இத்தாலியில் ஃபியட் கம்பெனியோடு கார் ரேடியோவுக்குப் பேச்சு நடந்தது.

இந்தியாவில்? டவர் நட அனுமதி வேண்டும். டிராய் 2005-ல் செயற்கைக்கோள் ரேடியோ பற்றிப் பரிந்துரை எழுதி டெல்லிக்கு அனுப்பியது. தரை டவர்களை அனுமதிக்கலாம் என்றும் அதில் இருந்தது. டெல்லி படித்தது. யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. தனியார் எஃப்.எம்.மில் செய்தி வாசிக்கவே அனுமதிக்காத நாடு இது. வானத்திலிருந்து பி.பி.சி.யும் சேர்ந்து வருகிற ரேடியோவைப் பார்த்து அதிகாரிகளுக்குத் தயக்கம் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் 'முடியாது' என்றாவது சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி. முடியாது என்றால் வியாபாரி வேறு வேலை பார்ப்பான். 'பார்க்கலாம்' என்றால் கடன் வாங்கிக்கொண்டே காத்திருப்பான்.

காத்திருந்த நேரத்தில், 2006-ல் தனியார் எஃப்.எம். இரண்டாம் சுற்று ஏலம் முடிந்து, ஊருக்கு ஊர் ஸ்டேஷன்கள் முளைத்தன. இலவசம். செல்போனிலேயே கேட்டது. காரிலும் கேட்டது. வேர்ல்ட்ஸ்பேஸோ ஜன்னலோரத்தைவிட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருந்தது. தப்பு முழுக்க டெல்லியுடையது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆப்பிரிக்கக் கிராமத்து ஏழைக்காகத் தொடங்கிய ரேடியோ, அந்த ஏழை வாங்க முடியாத விலையில் செட் விற்றது. கடைசியில் அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய நகரங்களின் சங்கீதப் பிரியர்கள். அவர்களுடைய சந்தாப் பணம் இரண்டு செயற்கைக்கோளின் கடனுக்குப் போதவில்லை.

2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது கம்பெனி. அடுத்த வருஷம் முழுக்க யாராவது வாங்குவார்களா என்ற பேச்சு. டிசம்பரில் இந்தியச் சந்தாதாரர்களுக்குத் தகவல் வந்தது: சொத்துகளை வாங்க வந்தவர், இந்தியச் சந்தா வியாபாரம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். 2009 டிசம்பர் 31-ம் தேதியோடு சேவை நிற்கிறது. பலருக்குச் சந்தா இன்னும் மாதக்கணக்கில் பாக்கி இருந்தது. பணத்தைவிட, காலையில் காபியோடு ஸ்ருதி கேட்டுப் பழகிய வயதானவர்கள் பட்ட வருத்தம்தான் பெரிது.

சமாரா விடவில்லை. 2010-களில் யாஸ்மி என்று இன்னொரு கம்பெனி தொடங்கினார். இந்த முறை பாட்டு இல்லை, பாடம். செயற்கைக்கோளிலிருந்து நேரே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு. சோதனை நடந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. டேப்லெட்டை யாரும் காரில் கொண்டுபோகவில்லை. வகுப்பறை நகராது, ஜன்னல் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த செட் இன்னும் கிடக்கிறதா? எறிவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ஆரம்பகால ஹிட்டாச்சி மாடலாக இருந்தால் எஃப்.எம்., மத்திய அலை, சிற்றலை எல்லாம் சேர்ந்தே இருக்கும். பேட்டரி போட்டு 999-ல் வைத்தால் கோவை வானொலி வரும். எந்தப் பக்கம் பார்த்து வைத்தாலும் வரும்.