படித்த நேரத்தின் பதிவு

நூல்நிலையத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தவுடன், அதில் ஒட்டியுள்ள தேதிச் சீட்டை நம்மில் பலர் நோக்குவதுண்டு. தேதிகள் நெருங்கி நின்றால், அது பலர் விரும்பிய நூல். சீட்டு வெறுமையாயிருந்தால், தூசி படிந்து கிடந்த நூல். கணிப்பொறியிலுள்ள கோப்புகளுக்கும் இத்தகைய சீட்டு ஒன்று உண்டு. அச்சீட்டின் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அதன் வரலாறே கூறும்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைப் படைக்கத் தொடங்கினர். 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில், ஒவ்வொரு கோப்பின் குறிப்பிலும் மூன்று நேரங்கள் இருந்தன. கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் ஒன்று; அதன் உள்ளடக்கம் மாறிய நேரம் மற்றொன்று; அக்குறிப்பே மாறிய நேரம் மூன்றாவது. நெடுநாள் தீண்டப்படாத கோப்புகளைக் கண்டறிய முதல் நேரம் உதவியது. அஞ்சற்கோப்பு மாறிய நேரம், அது படிக்கப்பட்ட நேரத்திற்குப் பிந்தியதாயின், புதிய கடிதம் வந்துள்ளது என்றும் அறியலாயிற்று.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. படித்த நேரத்தை வட்டில் குறிக்க வேண்டுமாதலின், ஒவ்வொரு படிப்பும் ஓர் எழுத்து வேலையைப் பிறப்பித்தது. ஆயிரம் கோப்புகளைப் படித்தால் ஆயிரம் குறிப்புகளைத் திருத்த வேண்டும். லினக்ஸ் முறைமையின் வேகத்தைக் கெடுக்கும் பெருங்குறை இதுவே என்று 2007இல் இங்கோ மோல்னார் வலியுறுத்தினார். அதே ஆண்டு மக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இப்பதிவு இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

லினக்ஸோ நடுவழி கண்டது. பழைய பதிவு, கோப்பு மாறிய நேரத்திற்கு முந்தியதாயிருந்தாலோ, 24 மணி நேரத்திற்கு மேற்பட்டதாயிருந்தாலோ மட்டும் அதனைப் புதுப்பித்தால் போதும் என்பதே அவ்விதி. ரிலேடைம் எனப்படும் இம்முறை 2009இல் 2.6.30ஆம் பதிப்பில் இயல்பான வழக்காயிற்று. அஞ்சல் அடையாளம் பிழைத்தது, வேகமும் மீண்டது.

காப்புப்படி எடுப்பதிலும் ஓர் இடர் உண்டு. படியெடுக்கும் நிரல் கோப்பைப் படிக்கும்போதே பழைய நேரம் அழிந்து போகலாம். ஆகவே, அந்நேரத்தைத் தொடாமல் கோப்பைப் படிக்கும் வழியொன்று 2004இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நூல்நிலையச் சீட்டில் தேதிகள் வரிசையாக நிற்கும். கோப்பின் குறிப்பிலோ கடைசி நேரம் ஒன்றே நிற்கும். நேற்று ஒரே முறை படித்த கோப்பும், ஆயிரம் முறை படித்த கோப்பும் அங்கே ஒன்றுபோலத் தோன்றும். எத்தனை முறை என்றறிய விரும்புவோர் தனியே கணக்கு வைத்து, புதிய வட்டுக்கு மாறும்போது கோப்புகளோடு அக்கணக்கையும் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆதலால், மாணவர்களே, ஒரு கோப்பை வேண்டாததென்று அழிக்குமுன் இச்சான்றின் எல்லையை எண்ணிப் பாருங்கள். ஒரு கோப்பு எப்போது படிக்கப்பட்டது என்பதையே அது ஓரளவு சொல்லும். அக்கோப்பு நாளை வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.