இன்னர் லூப், ராசெஸ்டர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராசெஸ்டர் நகரின் மையப்பகுதியைச் சுற்றி 1952 தொடங்கி 1965 வரை கட்டப்பட்ட விரைவுச்சாலை இன்னர் லூப். உள்வட்டச் சாலை என்று பொருள். நீளம் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே, இருபுறமும் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பிய பள்ளத்துக்குள் ஓடியது. இதன் கிழக்குப் பகுதி 2014க்கும் 2017க்கும் இடையில் மண்ணிட்டு மூடப்பட்டு, அந்த நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. வாகனங்கள் குறைந்துபோன நகர விரைவுச்சாலையை அகற்றி நிலத்தை மீட்பது பற்றிய பேச்சில் அமெரிக்காவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஊர் இது.

வராத கூட்டத்துக்குப் போட்ட சாலை

கோடாக், ஜெராக்ஸ், பாஷ் அண்டு லோம்ப் ஆகிய நிறுவனங்கள் பிறந்த ஊர் ராசெஸ்டர். 1950 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,32,488. கடைவீதிகளில் கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. மையத்துக்குள் நுழையாமலே நகரைச் சுற்றிக் கடக்கவும், வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ளவும் ஒரு வட்டச்சாலை இருந்தால் நெரிசல் தீரும் என்று திட்டமிட்டவர்கள் நம்பினர். சாலையின் பாதையில் இருந்த வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. தெற்கில் 490 எண் நெடுஞ்சாலையோடு இணைந்து வட்டம் முழுமையடைந்தது. அந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, பழைய ஈரி கால்வாயின் படுகையில் 1927 முதல் 1956 வரை ஓடிய சுரங்க ரயிலின் தடத்தில் அமைந்தது. கால்வாய் போய் ரயில் வந்து, ரயில் போய்க் கார் வந்த நகரம் இது. போட்ட சாலையை மூடுவது அதற்கு அவ்வளவு புதிதல்ல என்றும் சொல்லலாம்.

கணக்கு பொய்த்தது சாலையின் அளவில். வட்டச்சாலை முடிந்த காலத்திலேயே நகரவாசிகள் புறநகருக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டனர். அதற்கு வழி செய்ததும் இதுபோன்ற சாலைகள்தான். தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. 2020இல் மக்கள்தொகை 2,11,328 ஆகச் சுருங்கியிருந்தது. கிழக்குப் பகுதியில் விரைவுச்சாலையையும் அதன் இருபுற அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 12 தடங்கள் வரை அகலம். அதில் போய்வந்தவை நாளொன்றுக்குச் சுமார் 7,000 வண்டிகள். சாதாரண இருவழித் தெருவே இதைத் தாங்கும்.

உள்ளூர்க்காரர்கள் இதை அகழி என்றே அழைத்தார்கள். அகழியின் வேலை வெளியாட்களை உள்ளே விடாமல் தடுப்பது. அதை இது ஒழுங்காகவே செய்தது. மையத்துக்கும் அதை ஒட்டிய குடியிருப்புகளுக்கும் இடையில் தெருக்கள் அறுபட்டன. கால்நடையாகக் கடக்க மேலே ஆங்காங்கே இருந்த பாலங்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

கிழக்குப் பகுதி

கிழக்குப் பகுதியை அகற்றும் யோசனை 1990இல் வெளியான நகரின் நீண்டகாலத் திட்டத்திலேயே உண்டு. அது நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் காரியத்தை நகர்த்தியது நகரமைப்புக் கொள்கையை விட, பராமரிப்புச் செலவு என்றே தோன்றுகிறது. பாலங்களுக்கும் தாங்குசுவர்களுக்கும் வயதாகிவிட்டது. யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒன்றைப் பழுதுபார்க்கப் பெரும்பணம் செலவிடுவதா, அந்தப் பணத்தில் மூடிவிடுவதா என்று கேள்வி வந்தபோது விடை எளிதாகிவிட்டது. 2013இல் மத்திய போக்குவரத்துத் துறை, டைகர் என்ற தனது திட்டத்தின் கீழ் 1.77 கோடி டாலர் மானியம் வழங்கியது. மொத்தச் செலவு இரண்டு கோடி டாலரைத் தாண்டியது. விரைவுச்சாலைப் பணிகளின் கணக்கில் இது சிறுதொகை.

மன்ரோ அவென்யூவிலிருந்து சார்லட் வீதி வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 2014இன் இறுதியில் வேலை தொடங்கியது. பாலங்களை இடித்து, பள்ளத்தை மண்ணால் நிரப்பி, தெருக்களைப் பழையபடி தரைமட்டத்தில் இணைத்தார்கள். பள்ளத்தின் மேல் தளமிட்டு மூடிக் கீழே சாலையை ஓடவிடுவது வேறு முறை. செலவும் பராமரிப்பும் பல மடங்கு. போக்குவரத்து குறைவாக இருந்ததால் ராசெஸ்டருக்கு அந்தத் தேவை எழவில்லை. 2017 டிசம்பரில் பணி முடிந்து, விரைவுச்சாலையின் இடத்தில் யூனியன் வீதி திறக்கப்பட்டது. அதில் இருவழிப் போக்குவரத்து, ஓரத்தில் வண்டி நிறுத்தம், காரிலிருந்து பிரிக்கப்பட்ட மிதிவண்டித் தடம், மரங்கள், அகன்ற நடைபாதை எல்லாம் அடங்கின.

மிஞ்சிய சுமார் 6 ஏக்கர் மனைகளாகப் பிரித்துக் கட்டுமானத்துக்கு விடப்பட்டது. 500க்கும் அதிகமான வீடுகள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல், வருமானம் குறைந்தோருக்கான வரம்புக்குட்பட்ட வாடகையில் தரப்படுபவை. அருகிலிருந்த ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் மீட்ட நிலத்தை ஒட்டி விரிவடைந்து 2023இல் புதுக்கட்டடம் திறந்தது.

வீடு கிடைத்த அளவுக்குப் பூங்கா கிடைக்கவில்லை. பசுமை பெரும்பாலும் தெருவோர மரங்களோடு நின்றுவிட்டது. நகரின் நடுவே புதிதாகக் கையில் வந்த நிலம் முழுவதையும் கட்டடங்களுக்குக் கொடுத்தது இத்திட்டத்தின் குறை. ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நேர்மாறானது. அங்கே ஆற்றோரம் ஓடிய ஹார்பர் டிரைவ் விரைவுச்சாலை 1974இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 1978இல் திறக்கப்பட்டது முழுக்க முழுக்கப் பூங்கா. மில்வாக்கியில் பார்க் ஈஸ்ட் விரைவுச்சாலையை 2002, 2003இல் இடித்தார்கள். நிலத்தின் ஒரு பகுதி பத்தாண்டுகளுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. மில்வாக்கியோடு ஒப்பிட்டால், மூடிய சில ஆண்டுகளிலேயே ஆட்கள் குடியேறியது ராசெஸ்டரின் சாதனைதான்.

வடக்குப் பகுதி

வடக்கில் சிக்கல் கூடுதல். அங்கே சாலையின் தென்புறம் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியை ஒட்டிய குரோவ் பிளேஸ், ஓரளவு வசதியானவர்கள் வாழும் பகுதி. வடபுறம் மார்க்கெட்வியூ ஹைட்ஸ்; கறுப்பினத்தவரும் புவெர்ட்டோ ரிக்கோ வழிவந்தவரும் அதிகம் வாழும் ஏழைக் குடியிருப்பு. ஜெனசி ஆற்றைக் கடக்கும் பாலமும் அருகிலேயே செல்லும் ரயில்பாதையும் பொறியாளர்களின் கவலை. மக்களின் கவலை வேறு: பள்ளம் மூடப்பட்டு நிலத்தின் மதிப்பு ஏறினால், வாடகை கொடுக்க முடியாமல் முதலில் வெளியேறுவது யார்? இருபுறத்துக் குடியிருப்பாளர்களும் சேர்ந்து ஹிஞ்ச் நெய்பர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது இந்தக் கேள்வியோடுதான். கதவையும் நிலையையும் இணைக்கும் கீல்தான் அந்தப் பெயரின் பொருள். உயரமான அடுக்ககங்களை விட, சொந்தமாக வாங்கக்கூடிய சிறு வீடுகளையும் தெருக்களோடு கலந்த பசுமைவெளியையும் முன்வைத்து இங்கே வாதம் நடக்கிறது. அது நியாயமான வாதம். சாலை போட்டபோது இப்படிப்பட்ட மக்களிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்கவில்லை.

வடக்குப் பகுதியை அகற்ற 2022இல் மாநில அரசு 10 கோடி டாலர் அறிவித்தது. திட்டப்படி மீளவுள்ள நிலம் சுமார் 22 ஏக்கர்; கிழக்கில் கிடைத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.