தண்டோராவிலிருந்து எஸ்.எம்.எஸ். வரை: கோர்ட்டு நமக்குச் சேதி சொன்ன கதை

ஊர்ல இருக்கிற தாத்தா சொத்து மேல யாரோ ஒருத்தர் கேஸ் போடறார்னு வச்சுக்குங்க. பெங்களூர்லயோ நியூ ஜெர்சியிலயோ உட்கார்ந்திருக்கிற நமக்கு அது எப்படித் தெரியும்? சித்தப்பா போன் பண்ணிச் சொன்னா உண்டு. இல்லைன்னா தீர்ப்பு வந்த பிறகுதான்.

'கேஸ் பதிவானதும் நம்ம பேரைக் கண்டுபிடிச்சு அலர்ட் அனுப்பற சாப்ட்வேர் இருக்கே'ன்னு நம்ம ஐ.டி. மக்கள் சொல்வாங்க. இருக்கு. ஆனா அதுக்குப் பின்னால ஒரு நீண்ட வரலாறும் இருக்கு. அது தெரிஞ்சாத்தான் இந்த அலர்ட்டை எவ்வளவு நம்பலாம்னு புரியும்.

1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டப்படி, கேஸ் போட்டா எதிராளிக்குச் சம்மன் போகணும். சொல்ல வேண்டிய பொறுப்பு கோர்ட்டுக்கு. ஆள் கிடைக்கலைன்னா வீட்டுக் கதவுல ஒட்டலாம். அதுவும் முடியலைன்னா, நாம கடைசியா குடியிருந்த பகுதியில ஓடற நாளிதழ்ல விளம்பரம் கொடுக்கலாம். கவனிங்க, கடைசியா குடியிருந்த பகுதி! இருபது வருஷம் முன்னாடி ஊரை விட்டுக் கிளம்பினவன் அந்தப் பேப்பரை எங்கே பார்க்கறது? நிலத்தை ஜப்தி பண்றப்ப தண்டோரா போட்டு அறிவிக்கவும் அதே சட்டத்துல வழி இருக்கு. தண்டோரா சத்தம் பக்கத்து ஊருக்கே கேட்காது, ஒசூர் தாண்டி வருமா? :)

நாம வராட்டி 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையா வந்து சேரலைன்னா, நமக்குத் தெரிஞ்ச நாள்லருந்து அந்த 30 நாள். ஆனா சம்மன் சரியா வரலைங்கறதை நாமதான் காட்டணும்.

அடுத்தது 'காஸ் லிஸ்ட்'. கப்பன் பார்க் பக்கம் போறப்ப அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. 1868ல கட்டி முடிச்ச அட்டாரா கச்சேரி, பதினெட்டு அலுவலகம்னு அர்த்தம். இப்ப கர்நாடக ஹைகோர்ட்டு. இந்த மாதிரி கோர்ட்டுகள்ல அன்னன்னிக்கு வர்ற வழக்குகளோட பட்டியலைப் பார்த்து, நம்ம கட்சிக்காரர் பேர் இருக்கான்னு விரல் வச்சுத் தேடினவர் வக்கீல் குமாஸ்தா. அவர்தான் அந்தக் காலத்து அலர்ட் சாப்ட்வேர்!

1976ல சட்டத்தைத் திருத்தி 148-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. அதுதான் 'கேவியட்'. 'இன்னார் என் மேல மனு போடுவார்னு எதிர்பார்க்கறேன், என்னைக் கேட்காம உத்தரவு போடாதீங்க'ன்னு முன்கூட்டியே கோர்ட்டுல எழுதிக் கொடுக்கறது. மனு வந்தா கோர்ட்டு நமக்கு நோட்டீஸ் அனுப்பியே ஆகணும். என்னைக் கேட்டா, நம்ம நாட்டுல உருவான உண்மையான முதல் அலர்ட் இதுதான். ரெண்டு குறை: 90 நாள்தான் செல்லும், அப்புறம் புதுசாப் போடணும். அதோட யார் போடுவாங்க, எந்தக் கோர்ட்டுலங்கறதை நாமதான் ஊகிக்கணும்.

கம்ப்யூட்டர் காலம் 1990கள்ல வந்தது. சுப்ரீம் கோர்ட்டை என்.ஐ.சி. கணினிமயமாக்கி, காஸ் லிஸ்ட்டையும் இணையத்துல ஏத்தினாங்க. 2007ல இ-கோர்ட்ஸ் திட்டம் கீழ்க் கோர்ட்டுகளுக்குப் போச்சு. 2008 ஜனவரியில, மிச்சிகன் பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டிருந்த சுஷாந்த் சின்கா 'இந்தியன் கானூன்' தேடு தளத்தை ஆரம்பிச்சார். ஒரு சொல்லைக் கொடுத்து வச்சா, அது வர்ற புதுத் தீர்ப்புகளை மின்னஞ்சல்ல சொல்ற வசதியும் அதுல வந்தது. ஆனா தீர்ப்பு வந்து தெரியறது வேற, கேஸ் பதிவாகும்போதே தெரியறது வேற. நமக்கு வேண்டியது ரெண்டாவது.

இ-கோர்ட்ஸ்ல ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரிஞ்சா வாய்தா தேதியெல்லாம் விரல் நுனியில. தெரியாதவங்க மாவட்டம், கோர்ட்டு, வருஷம்னு தேர்ந்தெடுத்துப் பேரை வச்சுத் தேடணும். தனியார் அலர்ட் சாப்ட்வேர்களும் அந்தப் பேரைத்தான் நம்பியிருக்கு.

இங்கதான் தமிழனுக்குச் சோதனை. முத்துசாமிங்கற ஒரே பேரை எஸ்-ஏ-எம்-ஒய்னு முடிக்கலாம், நடுவுல டபிள்யூ போடலாம், கடைசியில ஐ போடலாம். இனிஷியல் முன்னால வரலாம், பின்னால வரலாம். பாஸ்போர்ட்டுல அப்பா பேரு முழுசா இருக்கும். கோர்ட்டுல டைப் பண்றவர் எதை அடிச்சாரோ, அதுதான் நம்ம பேரு. சர்வே நம்பரை வச்சுத் தேடவும் அங்கே வழியில்லை.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு தந்தை, கூகுள்ல தேடினா தன் மகளோட பேர் வழக்கு உத்தரவுல வருதுன்னு கர்நாடக ஹைகோர்ட்டுக்குப் போனார். இணையத் தேடல்ல அந்தப் பேர் வராதபடி பார்த்துக்கச் சொல்லி 2017 ஜனவரியில கோர்ட்டு உத்தரவு போட்டது. நமக்குக் காவலா இருக்கிற அதே தேடல், இன்னொரு வீட்டுப் பொண்ணுக்குத் தொல்லை.

மொத்தத்துல, சம்மன் காலத்துல சொல்ல வேண்டியது கோர்ட்டோட கடமை. சட்டப்படி இன்னிக்கும் அப்படித்தான். நடைமுறையில தேடற வேலை நம்ம தலையில விழுந்திருக்கு. அதனால பேரோட எல்லா ஸ்பெல்லிங்கையும், பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்க பேரையும் சேர்த்து ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை தேடுங்க. தகராறு வரும்னு வாசனை தெரிஞ்சா, வக்கீலைப் பார்த்துக் கேவியட் போடுங்க. அலர்ட் தவறலாம். கேவியட் போட்டிருந்தா, சொல்ல வேண்டிய கடமை மறுபடியும் கோர்ட்டுக்கு.

ஊர்ல இருக்கிற சித்தப்பாவுக்கும் அப்பப்ப போன் பண்ணுங்க. அவரை மிஞ்சின அலர்ட் இன்னும் வரலை :)